கேட் 6 போதுமா? லேன் கேபிள் பற்றி வாசகர்கள் கேட்டவை

புது வீடு கட்டுகிறோம். தரைத்தளம், முதல் தளம் இரண்டும் சேர்த்து 8 இடங்களில் நெட் பாயின்ட் வைக்கிறோம். கேட் 6 போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். கேட் 8 போட்டால் இருபது வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார் மருமகன். யார் சொல்வது சரி?
— வாசகர், தஞ்சாவூர்

எலக்ட்ரீஷியன் சொல்வதுதான். மருமகனிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ‘கேட்’ என்பது கேட்டகரி, அதாவது லேன் கேபிளின் தர வகை.

கேட் 8 என்பது டேட்டா சென்டரில், அடுத்தடுத்த ரேக்குகளில் இருக்கும் சர்வரையும் ஸ்விட்சையும் இணைக்க வந்த கேபிள். 25, 40 கிகாபிட் வேகத்துக்கானது. அதற்கு அனுமதிக்கப்பட்ட தூரமே மொத்தம் 30 மீட்டர்தான். அந்த வேகத்தைத் தரும் ரூட்டரோ லேப்டாப்போ வீட்டில் கிடையாது. அதுவும் ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போட்ட தடிமனான கேபிள். பைப்புக்குள் வளைத்து இழுப்பதற்குள் ஆளுக்குக் கை கழன்றுவிடும்.

மற்றவற்றின் கணக்கு இது. கேட் 5இ, 100 மீட்டருக்கு 1 கிகாபிட் தரும். 2016-இல் வந்த தரத்தின்படி அதே கேபிளில் 2.5 கிகாபிட்டும் போகும். ஆகவே பழைய வீட்டில் நல்ல கேட் 5இ ஓடியிருந்தால் சுவரை உடைக்க வேண்டாம். கேட் 6, 100 மீட்டருக்கு 5 கிகாபிட் வரை தரும். 10 கிகாபிட் என்றால் 55 மீட்டர் வரை, நிறைய கேபிள்கள் ஒரே கட்டாக நெருங்கி ஓடினால் 37 மீட்டர் வரை. கேட் 6ஏ, 10 கிகாபிட்டை முழு 100 மீட்டருக்கும் கொண்டுபோகும். உங்கள் வீட்டில் மிக நீளமான ஓட்டமே 30 மீட்டரைத் தாண்டாது. அந்தத் தூரத்தில் கேட் 6 போதும், 6ஏ-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்.

கேட் 7 பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் ஆன்லைனில் அதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. அது ஐஎஸ்ஓ தரத்தில் மட்டும் இருக்கிறது. அமெரிக்க டிஐஏ தரத்தில் அதற்கு இடமே இல்லை. அந்தத் தரத்துக்கான கனெக்டரும் வேறு. நாம் எல்லோரும் பயன்படுத்தும் ஆர்ஜே 45 பிளக்கை மாட்டி ‘கேட் 7’ என்று விற்பது பெயருக்குத்தான்.

வாங்க வேண்டியது: கேட் 6, யூடிபி (ஷீல்டு இல்லாதது), 23 கேஜ் (இழையின் தடிமன் அளவு; எண் குறைந்தால் தடிமன் கூடும்), முழுச் செம்பு, சாலிட் கம்பி. இந்த ஐந்தும் கேபிள் மேலேயும் பெட்டியிலும் அச்சாகியிருக்க வேண்டும். சாலிட் என்றால் ஒவ்வொரு இழையும் ஒற்றைக் கம்பி. சுவருக்குள் போவது அதுதான். பல மெல்லிழைகளை முறுக்கிய ஸ்ட்ராண்டட் கேபிள், சுவர் பாயின்ட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் பேட்ச் கார்டுக்கு மட்டும். வளைய வளைய உடையாது என்பது அதன் நன்மை. சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது குறை. 100 மீட்டர் என்ற கணக்கே சுவருக்குள் 90 மீட்டர் சாலிட், இரு முனையிலும் சேர்த்து 10 மீட்டர் பேட்ச் கார்டு என்று போட்டதுதான்.

இனி முக்கியமான விஷயம், பைப். கேபிளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பூசிய சுவருக்குள் இருக்கும் பைப்பை மாற்ற முடியாது. இருபது வருடக் கவலை இருந்தால் அந்தப் பணத்தைப் பைப்பில் போடுங்கள். 20 மி.மீ. பைப்பில் 3 கேட் 6 கேபிள் சௌகரியமாகப் போகும், 25 மி.மீ. பைப்பில் 5 போகும். அதற்கு மேல் திணித்தால் இழுக்கும்போது தோல் உரியும். 25 மி.மீ. போடச் சொல்லுங்கள். திருப்பங்களில் எல்போ வேண்டாம், லாங் பெண்ட் போடட்டும். கேட் 6-ஐ அதன் தடிமனைப் போல் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக, அதாவது சுமார் 25 மி.மீ.-க்குக் குறைவாக, மடக்கக் கூடாது. ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிற்றை விட்டு வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு இன்னொரு கேபிள் இழுக்க அது கைகொடுக்கும்.

எட்டு இடத்திலிருந்தும் கேபிள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஃபைபர் மோடம் வைக்கப்போகும் இடம் அது. கரன்ட் லைன் இழுப்பதுபோல ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு என்று லூப் அடிக்கக் கூடாது. நடுவில் ஜாயின்ட்டும் கூடாது. இடத்துக்கு இரண்டு கேபிள் என்றால் 16 ஓட்டம், சராசரி 15 மீட்டர் என்றால் 240 மீட்டர். 305 மீட்டர் பெட்டி ஒன்று போதும். முடிந்தால் மாடி ஹால் சீலிங்கில் வைஃபை ஆக்சஸ் பாயின்டுக்காகவும் ஒரு கேபிளை விடுங்கள். பெட்டியில் மிஞ்சுவது அதற்குச் சரியாக இருக்கும்.

இழுத்த பிறகு சுவர்ப் பெட்டியில் ஒரு சாண் மிச்சம் விடச் சொல்லுங்கள். மோடம் பக்கம் ஒரு மீட்டராவது இருக்கட்டும். கேபிள் தோலில் மீட்டருக்கு ஒரு எண் அச்சாகியிருக்கும். இரு முனையின் எண்களைக் கழித்தால் எத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பில்லைச் சரிபார்க்கவும் அது உதவும்.

கடை வாசலில் இருக்கும் கேமரா பகல் முழுக்க நன்றாக ஓடுகிறது. இருட்டியதும் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அணைந்து அணைந்து எரிகிறது. கேமரா மாற்றிப் பார்த்தாயிற்று, அடாப்டரும் மாற்றியாயிற்று. கேமராவில் 12 வோல்ட், 8 வாட் என்று போட்டிருக்கிறது. 40 மீட்டர் லேன் கேபிள், அதன் வழியாகவே கரன்டும் போகிறது.
— வாசகர், விருதுநகர்

கேபிளை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. கோளாறு அங்கேதான்.

இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் 4 வாட் இழுத்த கேமரா இப்போது 8 வாட் இழுக்கும். உங்களுடையது, 12 வோல்ட்டை அப்படியே லேன் கேபிளின் நீல, பழுப்பு ஜோடிகளில் ஏற்றிவிடும் மலிவான ஸ்ப்ளிட்டர் அமைப்பு. கேபிள் அநேகமாக சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 கேஜ் செம்புக் கம்பியின் மின்தடை 100 மீட்டருக்கு 8.4 ஓம். அதே தடிமனில் சிசிஏ என்றால் ஏறக்குறைய 13 ஓம். போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்பதால் 40 மீட்டரில் மொத்தத் தடை 5.2 ஓம். பகலில் 4 வாட் இழுக்கும்போது வழியில் 2 வோல்ட் போய், கேமராவுக்கு 10 வோல்ட் சேர்கிறது. அது எப்படியோ ஓடிவிடுகிறது. இரவில் 8 வாட் வேண்டும். வோல்ட் குறையக் குறையக் கேமரா கூடுதல் ஆம்பியர் இழுக்கும், ஆம்பியர் கூடக் கூட வழியில் இன்னும் வோல்ட் விழும். 12 வோல்ட்டில், 5.2 ஓம் வழியாக, 8 வாட்டை மறுமுனைக்குக் கொண்டுசேர்க்கவே முடியாது. அதிகபட்சம் 7 வாட்தான் போகும். கேமரா அணையும், பளு இறங்கும், மறுபடி உயிர் வரும், விளக்கு எரியும், மறுபடி அணையும். நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

முழுச் செம்புக் கேபிள் போட்டால் இதே தூரத்தில் 9 வோல்ட் சேரும். அதுவும் இழுபறிதான். சரியான வழி, கேமரா பிஓஇ (லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் தரமுறை) ஏற்கும் வகையா என்று பாருங்கள். 802.3ஏஎஃப் என்று போட்டிருந்தால் பிஓஇ ஸ்விட்ச் ஒன்று வாங்கி நேரடியாக இணையுங்கள். அது 48 வோல்ட் சுமாரில் அனுப்பும். வோல்ட் நான்கு மடங்கு என்பதால் ஆம்பியர் நான்கில் ஒன்றாகிவிடும்; வழியில் விழுவது 1 வோல்ட்டுக்கும் குறைவு. ஏஎஃப் வகையில் போர்ட்டிலிருந்து 15.4 வாட் கிளம்பும், கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. சுழலும் பெரிய கேமரா என்றால் 30 வாட் கிளப்பும் ஏடி வகை வேண்டும். கேமரா பிஓஇ ஏற்காது என்றால் 48-ஐ 12-ஆக மாற்றித் தரும் ஆக்டிவ் ஸ்ப்ளிட்டரைக் கேமரா முனையில் போடலாம். ‘பாசிவ்’ என்று போட்ட இன்ஜெக்டரைக் கண்டபடி மாட்டாதீர்கள். எதிர்முனையில் இருப்பது என்ன என்று கேட்காமலே அது மின்சாரத்தைத் திணிக்கும்.

பிஓஇ வந்தாலும் சிசிஏ வேண்டாம். எந்த கேட்டகரி தரமும் சிசிஏ-வை ஒப்புக்கொள்வதில்லை. பெட்டியில் கேட் 6 என்று எழுதியிருந்தாலும் அது கேட் 6 ஆகாது. பிளக்கின் தகடு கடிக்கும் இடத்தில் அலுமினியம் நாளடைவில் பூத்துவிடும். தொடர்பு விட்டுவிட்டு வரும். நாலைந்து முறை மடக்கினாலே இழை ஒடியும்.

கடையில் வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரு இழையை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புதான். சிசிஏ என்றால் இரண்டாவது சுரண்டலிலேயே வெள்ளை தெரியும். வெட்டிய முனையையும் பாருங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்லதுதான். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனை. 23 கேஜ் கேட் 6, 305 மீட்டரில் செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். தோலும் பெட்டியும் அதற்கு மேல். மொத்தமே ஆறு கிலோ என்றால் உள்ளே செம்பு இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் உறுதி. முழுச் சுருளின் ஒரு முனையில் நீல ஜோடியின் இரண்டு இழைகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் ஓம் அளவுங்கள். 305 மீட்டரில் 23 கேஜ் செம்பு 40-இலிருந்து 45 ஓம் காட்டும், 24 கேஜ் என்றால் 52-இலிருந்து 55. அறுபதைத் தாண்டினால் அது சிசிஏ என்று முடிவுகட்டலாம்.

300 எம்பிபிஎஸ் பிளான். வைஃபையில் 250 வருகிறது, கேபிள் செருகினால் 94-க்கு மேல் ஏறவே இல்லை. கேபிள்தான் வேகமானது என்பார்களே?
— வாசகி, மதுரை

94 என்ற எண்ணே விடை. இணைப்பு 100 மெகாபிட்டில் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி, சரிபார்ப்பு என்று ஆறு சதவீதம் போய்விடும்; மீதி 94. கிகாபிட் இணைப்பு என்றால் இதே கணக்கில் 940 வரை காட்டும்.

100 மெகாபிட்டுக்கு எட்டு இழைகளில் நான்கு போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வருகிறதே என்று நாமும் விட்டுவிடுவோம்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் இணைப்பு வேகம் 100/100 என்றோ 1000/1000 என்றோ தெரியும். 100 என்றால் முதலில் கடையில் வாங்கிய ஒரு நல்ல பேட்ச் கார்டால் மோடமையும் லேப்டாப்பையும் நேராக இணையுங்கள். 1000 வந்துவிட்டால் சுவருக்குள் இருக்கும் கேபிளிலோ அதன் முனைகளிலோதான் குறை. வராவிட்டால் போர்ட்டைப் பாருங்கள். சில ஃபைபர் மோடங்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 ஆகவும் இருக்கும். லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி அடாப்டரிலும் இதே கதை உண்டு. பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டும் 100 தான், அதைக் கேபிள் மாற்றித் திருத்த முடியாது.

பழைய வீடு என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. ஒரே கேபிளின் நான்கு இழையை ஒரு அறைக்கும் நான்கை அடுத்த அறைக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அல்லது நீல ஜோடியில் டெலிபோன் ஓடிக்கொண்டிருக்கும். முகப்புத் தகட்டைக் கழற்றி எத்தனை இழை ஜாக்கில் ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

நானே பிளக் கிரிம்ப் செய்தேன். டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிகிறது. ஆனாலும் 25 மீட்டர் தள்ளியிருக்கும் கம்ப்யூட்டரில் நெட் விட்டுவிட்டு வருகிறது. பிளக்கை மூன்று முறை மாற்றிவிட்டேன்.
— வாசகர், திண்டுக்கல்

நீங்கள் நிறங்களை ஜோடி ஜோடியாக வரிசை போட்டிருப்பீர்கள்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று. பார்க்க ஒழுங்காக இருக்கும், இரண்டு முனையும் ஒன்றாகவே இருக்கும், டெஸ்டரும் பச்சைக்கொடி காட்டும். மூன்றல்ல, முப்பது பிளக் மாற்றினாலும் வேலை செய்யாது.

காரணம் இது. ஈதர்நெட்டில் 3-ம் 6-ம் ஒரு ஜோடி. நீங்கள் போட்ட வரிசையில் 3-இல் வெள்ளை-பச்சை, 6-இல் நீலம் வந்துவிட்டது. ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரு இழைகளில் போக வேண்டிய சிக்னல், வெவ்வேறு முறுக்குகளில் இருக்கும் இரண்டு இழைகளில் போகிறது. முறுக்கு இருப்பதே வெளித் தொந்தரவு இரு இழையிலும் சமமாக விழுந்து ரத்தாக வேண்டும் என்பதற்காக. அது இங்கே நடக்கவில்லை. மூன்று மீட்டரில் சமாளித்துவிடும், 25 மீட்டரில் பாக்கெட்டுகள் கெடும். விளக்கு டெஸ்டர், கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எந்த இழை எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சரியான வரிசை, 568பி முறையில்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிளக்கின் கிளிப் கீழ்ப் பக்கம், கேபிள் நுழையும் வாய் உங்களைப் பார்த்து என்று பிடித்தால் இடது ஓரம் 1. பச்சை ஜோடி நீல ஜோடியைக் கட்டிப்பிடித்தபடி இரு பக்கமும் நிற்க வேண்டும். அது நினைவிருந்தால் போதும்.

மறுபடி செய்யும்போது: தோலை ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உரியுங்கள். உரித்த இடத்தில் இழையின் இன்சுலேஷனில் கீறல் இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கேட் 6 நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் குறுக்குச் சட்டத்தைத் தோலின் விளிம்போடு ஒட்ட வெட்டுங்கள். முறுக்கைப் பிரித்து, நிமிர்த்தி, வரிசைப்படுத்தி, விரலால் அழுத்திப் பிடித்தபடி முனையைச் சமமாக நறுக்குங்கள். கடைசியில் முறுக்கில்லாத நீளம் 13 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். பிளக்குக்குள் தள்ளியபின் எட்டு முனையும் முன்சுவரைத் தொடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேபிளின் வெளித்தோலும் பிளக்குக்குள் நுழைந்து, பின்பக்கக் கட்டை அதன் மேல் அமர வேண்டும். தோல் வெளியே நின்றால் நாலு முறை இழுபட்டதும் இழை கழன்றுவிடும்.

பிளக் வாங்கும்போதும் கவனம் தேவை. கேட் 5இ பிளக்கின் ஓட்டைகளில் 23 கேஜ் கேட் 6 இழை நுழையாது, நுழைத்தாலும் வளையும். சாலிட் கம்பிக்கும் ஸ்ட்ராண்டட் கம்பிக்கும் பிளக்கின் உள்தகடு வேறு. இழை முன்பக்கம் வெளியே வரும் பாஸ்-த்ரூ பிளக் பழகாத கைக்கு எளிதுதான். கிரிம்பிங் டூலின் பிளேடு மழுங்கியிருந்தால் வெட்டிய முனைகள் பிசிறி ஒன்றையொன்று தொடும். பிஓஇ லைனில் அது வினை.

சுவரில் நிலையாக இருக்கும் கேபிளுக்குப் பிளக்கே போடாமல் கீஸ்டோன் ஜாக்கில் (சுவர்த் தகட்டில் பொருத்தும் சாக்கெட்) இழைகளை அழுத்திப் பஞ்ச் செய்துவிட்டு, அங்கிருந்து ரெடிமேட் பேட்ச் கார்டு எடுப்பது எல்லாவற்றையும்விட மேல். ஜாக்கில் நிறம் அச்சாகியே இருக்கும். ஏ, பி என இரண்டு வரிசை இருக்கும். இரு முனையிலும் பி-யையே பாருங்கள்.

இரண்டு ஸ்விட்சுகளை இணைக்க கிராஸ் கேபிள் வேண்டும் என்று படித்தேன். இப்போதும் அப்படியா?
— மாணவர், திருநெல்வேலி

தேர்வுத்தாளில் வேண்டும், வேலையில் வேண்டாம். ஒரு முனை 568ஏ, மறுமுனை 568பி என்று போட்டால் அது கிராஸ். அனுப்பும் ஜோடியும் வாங்கும் ஜோடியும் இடம் மாறும். கிகாபிட் போர்ட்டுகள் இதைத் தாங்களே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். சாதாரண நேர் கேபிளே போதும். பழைய 10, 100 மெகாபிட் ஹப், பழைய இயந்திரக் கன்ட்ரோலர் போன்றவற்றில் மட்டும் இன்னும் தேவைப்படலாம்.

நூற்பாலையில் இயந்திரங்களுக்கு லேன் இழுக்கிறோம். விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்த மோட்டார்கள் நிறைய. ஷீல்டு கேபிள் போட்டோம், அப்படியும் இணைப்பு அறுகிறது. பவர் கேபிள் போகும் ட்ரேயிலேயே லேனும் போகிறது.
— பராமரிப்புப் பிரிவு ஊழியர், கோயம்புத்தூர்

முதலில் ட்ரேயைப் பிரியுங்கள். விஎஃப்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள்தான் அந்தத் தளத்திலேயே மிகப் பெரிய இரைச்சல் மூலம். அதோடு லேன் கேபிள் ஓர் அடி கூட இடைவெளி இல்லாமல் நீளவாக்கில் ஓடினால் எந்த ஷீல்டும் முழுசாகக் காப்பாற்றாது. குறுக்கே கடந்தாக வேண்டும் என்றால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

அடுத்து, ஷீல்டு எர்த்துக்குப் போகிறதா என்று பாருங்கள். ஃபாயில் சுற்றிய கேபிளை வாங்கி, பிளாஸ்டிக் பிளக்கை மாட்டியிருந்தால் ஃபாயில் அந்தரத்தில் தொங்கும். அதனால் பலன் இல்லை, சில சமயம் ஆன்டெனா மாதிரி இரைச்சலை உள்ளே இழுத்தும் வரும். உலோக உறை போட்ட பிளக், உலோக ஜாக், எர்த் கொடுத்த பேட்ச் பேனல் என்று சங்கிலி முழுவதும் தொடர வேண்டும். ஃபாயிலோடு ஒட்டி ஓடும் மெல்லிய டிரெயின் கம்பி உலோக உறையைத் தொட வேண்டும். மல்டிமீட்டரில் இரு முனை உறைகளுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று சோதியுங்கள்.

வீட்டு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஷீல்டு தேவையில்லை, யூடிபி போதும். ஆனால் 230 வோல்ட் போகும் பைப்புக்குள் லேன் கேபிளை விடவே கூடாது. இரைச்சல் அங்கே சின்ன விஷயம். கரன்ட் ஒயரின் இன்சுலேஷன் உரிந்தால் மின்சாரம் நேரே உங்கள் லேப்டாப்பின் லேன் போர்ட்டுக்கு வந்து நிற்கும்.

வீட்டிலிருந்து குடோனுக்கு 140 மீட்டர். நடுவில் தோட்டம். கேட் 6ஏ போட்டால் போகுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

போகாது. எந்த கேட்டாக இருந்தாலும் 100 மீட்டருக்கு மேல் கணக்கு இல்லை. சில பிஓஇ ஸ்விட்சுகளில் ‘எக்ஸ்டெண்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அது வேகத்தை 10 மெகாபிட்டாகக் குறைத்து 250 மீட்டர் வரை தள்ளும். கேமரா ஒன்றுக்கு அது பரவாயில்லை, கம்ப்யூட்டருக்கு உதவாது.

தூரம் 60 மீட்டராக இருந்தாலும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பை இழுக்காதீர்கள் என்பதே என் யோசனை. இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்காது. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் அந்தக் கம்பி வழியாக இரு பக்கத்து ஸ்விட்சும் போய்விடும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது.

வாங்க வேண்டியவை: ஒற்றை இழை சிங்கிள் மோட் வெளிப்புற ஃபைபர் கேபிள் 160 மீட்டர், கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியை லேன் சிக்னலாகவும் அதைத் திரும்ப ஒளியாகவும் மாற்றும் பெட்டி) ஒரு ஜோடி. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். ஒற்றை இழையில் போகவும் வரவும் வெவ்வேறு அலைநீளம். ஏ பெட்டி 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், பி பெட்டி அதற்கு நேர்மாறு. கடைக்காரர் இரண்டும் ஏ-வாகக் கொடுத்துவிட்டால் விளக்கு எரியவே எரியாது. பெட்டியின் மேல் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். முனைகளை ஒட்ட, வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புத் தரும் ஆளைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை. ஃபைபர் கேபிளோடு வரும் தாங்கு கம்பி எஃகாக இருந்தால் அதைக் கட்டடத்துக்கு வெளியேயே கொக்கியில் கட்டி நறுக்கிவிடச் சொல்லுங்கள். எஃகை உள்ளே கொண்டுவந்தால் இடிக்கு நாமே வழி வைத்த மாதிரி.

செம்புதான் என்று தீர்மானித்துவிட்டவர்கள், வெளியே ஓடும் பகுதிக்குக் கறுப்பு பாலிஎத்திலீன் தோல் போட்ட வெளிப்புறக் கேபிளாவது வாங்குங்கள். சாதாரணச் சாம்பல் நிற பிவிசி தோல் நம் வெயிலில் வெடித்துவிடும். மழை உள்ளே புகுந்தால் கேபிள் முழுக்க நனைந்துவிடும். சுவரில் நுழையுமிடத்தில் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேட் 8 பேட்ச் கார்டு போட்டால் கேமில் பிங் (சர்வருக்குப் போய்ப் பதில் வர ஆகும் நேரம்) குறையுமா?
— வாசகர், சென்னை

கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் கடக்க சுமார் 5 நானோசெகண்ட். 20 மீட்டருக்கு 100 நானோசெகண்ட். உங்கள் பிங் 20 மில்லிசெகண்ட் என்றால் கேபிளின் பங்கு இரண்டு லட்சத்தில் ஒன்று. எந்த கேட் போட்டாலும் அதே. வைஃபையை விட்டு எந்தக் கேபிளுக்கு மாறினாலும் பிங் துள்ளுவது அடங்கும், அந்த லாபம் உண்மை.

தரையில் கம்பளத்துக்கு அடியில் ஓட்ட ஃப்ளாட் கேபிள் வாங்கலாமா?
— வாசகி, திருச்சி

ஒரு அறைக்குள், ஐந்து பத்து மீட்டர் என்றால் வாங்கலாம். உள்ளே இருப்பது 30, 32 கேஜ், நூல் மாதிரி மெல்லிய இழை. ஆகவே நீள ஓட்டத்துக்கும் பிஓஇ-க்கும் ஆகாது. கதவு மடங்கும் இடத்தில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்கள் மிதித்து நடக்கும் வழி என்றால் கம்பளத்தைவிடச் சுவரோரமாகக் கேஸிங் பட்டையில் விடுவது நல்லது. அதில் சாதாரண உருண்டைக் கேபிளே அடங்கும், ஃப்ளாட்டே தேவைப்படாது.